கணக்குப்பிள்ளை போன பிறகு

2019 அக்டோபர் 7. ஆப்பிள் நிறுவனம் தன் மேக் கம்ப்யூட்டர்களுக்குப் புதிய ஆபரேட்டிங் சிஸ்டத்தை வெளியிட்டது. பெயர் கேட்டலினா. விலை? ஒரு பைசா கிடையாது. பட்டனைத் தட்டினால் போதும், தானாக இறங்கி, தானாக உட்கார்ந்து கொள்ளும்.

தட்டினார்கள். புதிய சிஸ்டம் வந்தது. கூடவே ஒரு சாஃப்ட்வேர் செத்துப் போனது.

அதன் பெயர் அப்பர்ச்சர். போட்டோ எடிட்டிங் சாஃப்ட்வேர். அதைத் தயாரித்ததும் இதே ஆப்பிள்தான். பெற்ற பிள்ளையைத் தகப்பனே வீட்டுக்குள் விடாமல் கதவைச் சாத்திய கதை இது. போட்டோ எடுத்து, கம்ப்யூட்டரில் போட்டு வைக்கிற எல்லோருக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது.

பதினான்கு வருடம் பின்னால் போவோம்.

2005 அக்டோபரில் ஆப்பிள் அப்பர்ச்சரை அறிவித்தது. விலை 499 டாலர். அன்றைய கணக்கில் கிட்டத்தட்ட 22 ஆயிரம் ரூபாய். யார் வாங்குவார்கள்? கேமராவே பிழைப்பு என்று இருப்பவர்கள். அப்போதுதான் அவர்கள் ஃபிலிமை விட்டு டிஜிட்டலுக்கு மாறிக் கொண்டிருந்தார்கள். ஃபிலிம் காலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் பத்து, பதினைந்து ரோல். டிஜிட்டலில்? ஆயிரம் படம் எடுத்தாலும் செலவில்லை. ஆனால் அந்த ஆயிரத்தையும் பார்த்து, கழித்து, திருத்தி, எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது யார்?

ஃபோட்டோஷாப் இருக்கிறதே என்பீர்கள். இருந்தது. தாமஸ் நால், ஜான் நால் என்ற அண்ணன் தம்பி உருவாக்கிய அந்தச் சாஃப்ட்வேரை அடோபி நிறுவனம் 1990-லேயே விற்பனைக்குக் கொண்டு வந்துவிட்டது. ஆனால் அது ஒரு படத்தை எடுத்து வைத்துக் கொண்டு பொறுமையாகச் செதுக்குகிற பட்டறை. ஆயிரம் படத்தை வரிசையில் நிறுத்தி வேலை வாங்குகிற தொழிற்சாலை அல்ல.

இன்னொரு சங்கதியும் உண்டு. நல்ல டிஜிட்டல் கேமராக்கள் படத்தை இரண்டு விதமாகக் கொடுக்கும். ஒன்று ஜேபெக். இது வடித்த சோறு. அப்படியே சாப்பிடலாம், மறுபடி அரிசியாக்க முடியாது. இன்னொன்று ரா ஃபைல். இது அரிசி. கேமராவின் சென்சாரில் பதிவானது கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். வெளிச்சம், நிறம் எல்லாவற்றையும் பிற்பாடு நிதானமாக முடிவு செய்யலாம். தொழில்காரர்கள் அரிசியைத்தான் விரும்புவார்கள்.

அந்த அரிசியை வைத்து அப்பர்ச்சர் செய்த வேலைதான் சுவாரசியம். பி.காம். படித்தவர்களுக்கு டக்கென்று புரியும். வவுச்சரில் கை வைக்கக் கூடாது என்பது கணக்கின் பால பாடம். மாற்றம் வேண்டுமா? புத்தகத்தில் ஒரு என்ட்ரி போடு. தப்பாகிவிட்டதா? இன்னொரு என்ட்ரி போட்டு நேர் செய். மூல வவுச்சர் மட்டும் கோப்பில் பத்திரமாக இருக்கட்டும்.

அப்பர்ச்சரும் அதையேதான் செய்தது. மூலப் படத்தைத் தொடவே தொடாது. 'இந்தப் படத்தில் வெளிச்சத்தை இவ்வளவு கூட்டு, இடது ஓரத்தை வெட்டு, முகத்தில் இருக்கும் மஞ்சளைக் குறை' என்று தன் புத்தகத்தில் குறித்து வைத்துக் கொள்ளும். நீங்கள் படத்தைத் திறக்கும்போதெல்லாம் அந்தக் குறிப்பைப் படித்து, திருத்திய படத்தை உங்கள் கண் முன்னால் காட்டும். ஐந்து வருடம் கழித்து மனசு மாறினாலும் முதலிலிருந்து ஆரம்பிக்கலாம். பிரமாதமான ஏற்பாடு, இல்லையா?

பிரமாதம்தான். ஒரே ஒரு சிக்கல். அந்தக் கணக்குப் புத்தகத்தைப் படிக்கத் தெரிந்த ஒரே கணக்குப்பிள்ளை அப்பர்ச்சர் மட்டும்தான்.

அடோபி சும்மா இருக்குமா? 2006 ஜனவரியில் லைட்ரூம் என்ற சாஃப்ட்வேரைச் சோதனைக்கு விட்டது. அடுத்த வருடம் பிப்ரவரியில் முழு வடிவம் வந்தது. வேலை அதே வேலை. ஆனால் மேக், விண்டோஸ் இரண்டிலும் ஓடும். அப்பர்ச்சர் மேக்கில் மட்டும்தான். போட்டியில் விலை சரிந்தது. 499 டாலர் 299 ஆனது. 2008-ல் 199. 2011-ல் ஆப்பிளின் ஆன்லைன் கடையில் வெறும் 80 டாலர்.

ஆஹா, மலிவு என்று வாங்கியவர்கள் நிறைய. ஆனால் ஒரு பொருளின் விலை இப்படிச் சறுக்கும்போது வாடிக்கையாளருக்குச் சந்தோஷம் மட்டும் வரக் கூடாது, கொஞ்சம் சந்தேகமும் வர வேண்டும். விற்பவருக்கு இதில் இன்னமும் அக்கறை இருக்கிறதா? 2010-ல் அப்பர்ச்சர் 3 வந்தது. அதற்குப் பிறகு 4 வரவே இல்லை.

2014 ஜூன் 27. ஆப்பிள் விஷயத்தைப் போட்டு உடைத்தது. அப்பர்ச்சரை இனி வளர்க்கப் போவதில்லை. சாதாரண ஜனங்களுக்காக வைத்திருந்த ஐபோட்டோவும் நிற்கும். இரண்டுக்கும் பதிலாக போட்டோஸ் என்று ஒன்று வரும். அடுத்த ஏப்ரலில் அது வந்தது. அப்பர்ச்சர் கடையிலிருந்து இறக்கப்பட்டது.

போட்டோஸ் நல்ல பிள்ளைதான். ஐபோனில் எடுத்த படங்களை இணையத்தில் சேர்த்து, எல்லாக் கருவியிலும் காட்டும். ஆனால் அது தொழில்காரனுக்குத் தைத்த சட்டை அல்ல. ஓர் உதாரணம். ஆயிரம் படத்தில் எது நன்றாக இருக்கிறது என்று நட்சத்திரம் கொடுத்து வைப்பது போட்டோகிராபர்களின் வழக்கம். ஐந்து நட்சத்திரம் ஆல்பத்துக்கு, மூன்று இருந்தால் யோசிக்கலாம், ஒன்று ஒதுக்கு. அப்பர்ச்சர் லைப்ரரியை போட்டோஸுக்கு மாற்றியபோது அந்த நட்சத்திரங்கள் எல்லாம் வெறும் குறிச்சொற்களாக மாறிப் போயின. புதிய வீட்டில் நட்சத்திரம் மாட்ட ஆணியே இல்லை!

சரி, லைட்ரூமுக்குப் போனால்? வாருங்கள் வாருங்கள் என்று அடோபி பாய் விரித்தது. 2014 முடிவதற்குள் அப்பர்ச்சர் லைப்ரரியை இழுத்துக் கொள்ள ஒரு வழியும் செய்து கொடுத்தது. படங்கள் வந்தன. குறிச்சொற்கள் வந்தன. திருத்தங்கள் வரவில்லை. வரவும் முடியாது. ஒரு கணக்குப்பிள்ளையின் கிறுக்கலை இன்னொருவர் எப்படிப் படிப்பார்? 'வெளிச்சம் பத்து கூட்டு' என்று இவர் எழுதினால் அதற்கு இவர் அகராதியில் ஓர் அர்த்தம், அவர் அகராதியில் வேறு அர்த்தம்.

இங்கேதான் நஷ்டம் எங்கே என்று புரிகிறது. படங்கள் போகவில்லை. அப்பர்ச்சர் லைப்ரரியைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே மாஸ்டர்ஸ் என்ற ஃபோல்டரில் மூலப் படங்கள் அத்தனையும் அப்படியே இருக்கும். போனது உழைப்பு. ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து, ஒவ்வொரு முகத்துக்கும் நிறம் பார்த்த வேலை. எந்த பேலன்ஸ் ஷீட்டிலும் வராத சொத்து அது.

பலர் என்ன செய்தார்கள்? ஒன்றும் செய்யவில்லை. ஓடுகிற வரை ஓடட்டும் என்று விட்டுவிட்டார்கள். ஓடியது. ஒரு வருடம், இரண்டு வருடம், ஐந்து வருடம். அப்புறம் 2019-ல் ஆப்பிள் சொன்னது: தொழில்நுட்பக் காரணங்களால், மொஹாவே என்ற சிஸ்டத்துக்குப் பிறகு வருவதில் அப்பர்ச்சர் ஓடாது. அந்த அக்டோபரில் வந்ததுதான் கேட்டலினா.

கேட்டலினா இன்னொரு பெரிய களையெடுப்பையும் செய்தது. 32 பிட் சாஃப்ட்வேர் அனைத்துக்கும் ஒரே நாளில் சீட்டுக் கிழிப்பு. 32 பிட் என்றால், நினைவகத்தில் அதிகபட்சம் 4 ஜி.பி. வரைதான் ஒரே சமயத்தில் கையாள முடியும். 64 பிட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. பழசையும் புதுசையும் சேர்த்துக் கட்டி இழுப்பது வீண் பாரம் என்று ஆப்பிள் முடிவு செய்தது. 2018-லிருந்தே 'இந்தச் சாஃப்ட்வேர் விரைவில் ஓடாது' என்று எச்சரிக்கை காட்டிக் கொண்டுதான் இருந்தது. எச்சரிக்கையை யார் படிக்கிறார்கள்? ஓகே பட்டனைத்தானே தேடுகிறோம்!

இப்படிப் போனவற்றில் பிக்காஸாவின் மேக் வடிவமும் ஒன்று. நம்மூரிலும் வீட்டுக்கு வீடு இருந்த இலவச சாஃப்ட்வேர். 2004-ல் கூகுள் வாங்கியது, 2016 மார்ச்சில் கைகழுவியது.

ஒரு பொருளை நிறுத்துவது புகைப்பட உலகத்துக்குப் புதிதல்ல. 1935-ல் வந்த கோடாக்ரோம் வண்ண ஃபிலிமை 2009-ல் கோடாக் நிறுத்தியது. அதைக் கழுவ ஒரு தனி ரசாயன முறை வேண்டும். உலகத்திலேயே கடைசியாக அந்த வேலையைச் செய்தது அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்தில் இருக்கும் ட்வைன்ஸ் போட்டோ என்ற லேப். 2010 டிசம்பர் 30-ஐக் கடைசி நாளாக அறிவித்தது. அதற்குப் பிறகு, கழுவாத ரோல் வைத்திருந்தவர்கள் பாடு திண்டாட்டம். ஆனால் அதற்கு முன்பே கழுவி வைத்த ஸ்லைடுகள்? இன்றைக்கும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் படம் தெரியும். கோடாக்கிடம் அனுமதி கேட்க வேண்டாம், எந்த அப்கிரேடும் அதைத் தடுக்காது.

அப்பர்ச்சருக்குள் திருத்தி, வெளியே எடுக்காமல் விட்ட படம், கழுவாத ரோல் மாதிரி. வெளியே எடுத்துத் தனி ஃபைலாகச் சேமித்த படம், கழுவிய ஸ்லைடு மாதிரி. வித்தியாசம் அவ்வளவுதான்.

சரி, மாற்று என்ன? கடைத்தெருவில் சரக்குக்குப் பஞ்சமில்லை. லைட்ரூம் இருக்கிறது. ஆனால் 2015-ல் வந்த லைட்ரூம் 6-தான் ஒரே தடவை காசு கொடுத்து வாங்கக் கூடிய கடைசிப் பதிப்பு. 2017-ல் அடோபி அதையும் முடித்துக் கொண்டது. இப்போது சந்தாதான். சந்தாவை நிறுத்தினால் லைட்ரூம் கிளாசிக்கில் படத்தைப் பார்க்கலாம், வெளியே எடுக்கலாம், புதிதாகத் திருத்த முடியாது. பழைய புத்தகத்தைப் புரட்டலாம், புது என்ட்ரி போட முடியாது!

சந்தா வேண்டாம் என்றவர்கள் இங்கிலாந்தின் செரிஃப் நிறுவனம் 2015-ல் கொண்டு வந்த அஃபினிட்டி போட்டோவைப் பிடித்துக் கொண்டார்கள். 2024-ல் செரிஃபை கேன்வா வாங்கிவிட்டது. லிதுவேனியாவில் பிறந்த பிக்செல்மேட்டரை விரும்பியவர்களும் உண்டு. அதை வாங்குவதாக 2024 நவம்பரில் செய்தி வந்தது. வாங்கியது யார் தெரியுமா? அதே ஆப்பிள்!

இன்னொரு பக்கம் இலவசக்காரர்கள். டார்க்டேபிள், ரா தெரபி இரண்டும் ரா ஃபைலுக்கானவை. செதுக்குகிற வேலைக்கு கிம்ப். 1995-ல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் படித்துக் கொண்டிருந்த ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மாட்டிஸ் என்ற இரண்டு மாணவர்கள் ஆரம்பித்தது கிம்ப். முதலில் அதன் பட்டன், மெனு எல்லாம் மோட்டிஃப் என்ற, காசு கொடுத்து வாங்க வேண்டிய கருவியை நம்பி இருந்தன. அடுத்தவன் கையில் சாவி எதற்கு என்று சொந்தமாக ஒரு கருவியையே எழுதிவிட்டார்கள். அவர்கள் படிப்பை முடித்துப் போய்விட்டார்கள். கிம்ப் போகவில்லை. மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருப்பதால் வேறு ஆட்கள் எடுத்து நடத்துகிறார்கள். 2025 மார்ச்சில்கூட புதிய பதிப்பு 3.0 வந்தது. பழகக் கொஞ்சம் பொறுமை வேண்டும், அதையும் சொல்லிவிட வேண்டும்.

இவற்றில் எது சிறந்தது என்று சண்டை போட வேண்டாம். எதை எடுத்தாலும் மூன்றைச் செய்யுங்கள். மூலப் படங்களை, எந்த சாஃப்ட்வேரின் லைப்ரரிக்குள்ளும் சிக்காத சாதாரண ஃபோல்டரில் வையுங்கள். நட்சத்திரம், குறிச்சொல் போன்றவற்றை எக்ஸ்.எம்.பி. என்ற பொது முறையில் எழுதச் சொல்லுங்கள். பல சாஃப்ட்வேர்கள் அதைப் படிக்கும். முக்கியமாக, திருத்தி முடித்த நல்ல படங்களை அவ்வப்போது டிஃப் அல்லது ஜேபெக் ஃபைலாக வெளியே எடுத்து வையுங்கள். டிஃப் 1986-லிருந்து இருக்கிறது, ஜேபெக் 1992-லிருந்து. எத்தனையோ சாஃப்ட்வேர்களின் சாவுக்குப் போய் வந்த கிழங்கள் அவை. இன்னும் திடகாத்திரமாக இருக்கின்றன.

சிஸ்டத்தை அப்கிரேடு செய்வதற்கு முன்தினம் அல்ல, இந்த ஞாயிற்றுக்கிழமை செய்யுங்கள். புதிய கணக்குப்பிள்ளையை வேலைக்குச் சேர்க்கும்போது அவர் எவ்வளவு வேகமாகக் கணக்குப் போடுவார் என்று மட்டும் கேட்காதீர்கள். நாளைக்கு நீர் போய்விட்டால் இந்தப் புத்தகத்தை யாரய்யா படிப்பார் என்றும் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.