பங்கும் பந்தும்: பாலிஹேல் ஷாம்ராக்ஸ் கழக வரலாறு

நம் பங்கின் வரலாறும் இளைஞர் மன்றத்தின் வெற்றிகளும் நீங்கள் அறிந்தவை. அவற்றை எழுத என்னினும் தகுதி உடையோர் இந்தப் பொன்விழா மலரிலேயே இருக்கிறார்கள். திருச்சபை வரலாறு பயின்றவன் என்ற முறையில், ஒரு பங்கும் ஒரு விளையாட்டும் எவ்வளவு நெருங்கி வாழ முடியும் என்பதற்கு நான் அறிந்த சிறந்த சான்றை முன்வைக்கிறேன். அயர்லாந்தின் தென்கிழக்கில் கில்கென்னி மாவட்டத்துச் சிற்றூரான பாலிஹேலின் ஹர்லிங் கழகமே அந்தச் சான்று.

ஹர்லிங் ஆட்டத்தில் அணிக்கு 15 பேர். தோல் போர்த்திய சிறு பந்தை மட்டையால் அடித்து, வலைக்குள் செலுத்தினால் கோல். அதற்கு 3 புள்ளி. குறுக்குக் கம்பத்துக்கு மேலே, இரு கம்பங்களுக்கு நடுவே சென்றால் 1 புள்ளி. ஆட்டத்தின் உயிர் மட்டையில் இருக்கிறது. ஆஷ் மரத்தின் அடிப்பகுதியில், தண்டு வேராக விரியும் இடத்தில்தான் அதற்கான பலகையை அறுக்கிறார்கள். அங்கே மரத்தின் ரேகை தானாகவே வளைந்து போகிறது. அந்த வளைவை ஒட்டி மட்டையின் அகன்ற நுனியைச் செதுக்கினால்தான் மோதும்போது பிளக்காது. நுனியைச் சுற்றி மெல்லிய தகரப் பட்டை ஒன்றை ஆணியடித்து இறுக்குகிறார்கள். மரம் வளரக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. அப்படி வளர்ந்த மரத்திலும் அடியிலுள்ள ஒரு மீட்டர் அளவே பயன்படும். 2012இல் அயர்லாந்தில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட பூஞ்சை நோய் இம்மரங்களைப் பெருமளவில் அழித்து வருகிறது. பழக்கப்பட்ட தச்சர்கள் இப்போது வெளிநாட்டுப் பலகையையும் மூங்கிலையும் நாட வேண்டியிருப்பது மனத்தை வருத்துகிறது.

இந்த ஆட்டத்தின் தொன்மைக்கு அயர்லாந்தின் பழங்காவியமான ‘டாய்ன் போ குவாய்ல்ஞ’ சாட்சி. அதில் செடன்டா என்னும் சிறுவன் மட்டையும் பந்துமாக அரசவைக்கு நடந்து செல்கிறான். கொல்லன் கலனின் காவல் நாய் பாய்ந்து வரும்போது அதை வீழ்த்துகிறான். வீரத்தைப் போற்றுவோர் அத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அதன்பின் நடப்பதே பெரிதாகப் படுகிறது. காவலை இழந்த கொல்லன் வருந்துவதைக் கண்ட சிறுவன், வேறொரு நாய்க்குட்டி வளரும் வரை உன் வீட்டுக்கு நானே காவல் என்று முன்வருகிறான். கூஹுலின், அதாவது கலனின் நாய், என்ற பெயரை அவன் பெற்றது அதனால்தான். விளையாடுகிறவன் தன் ஊருக்குக் கடமைப்பட்டவன் என்ற எண்ணம் அந்தப் பழங்கதையிலேயே வேர்விட்டிருக்கிறது.

பாலிஹேலை அடுத்த நாக்டோஃபரில் 1356இல் கார்மேல் சபைத் துறவியருக்கு மடம் ஒன்று அமைந்தது. பத்தே ஆண்டுகளில், 1366இல், கில்கென்னி நகரில் கூடிய பாராளுமன்றம் புகழ்பெற்ற கில்கென்னிச் சட்டங்களை இயற்றியது. அவற்றில் ஒன்று ஹர்லிங் ஆட்டத்துக்குத் தடை விதித்து, வில்லும் ஈட்டியும் பழகுமாறு ஆணையிட்டது. சட்டம் குறிவைத்தது ஐரிஷ்காரர்களை அல்ல, அங்கே குடியேறிய ஆங்கிலேயர்களை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆளவந்தவர்களின் பிள்ளைகளே உள்ளூர் ஆட்டத்தில் மனம் பறிகொடுத்துவிட்டார்கள் என்பதற்கு அந்தத் தடையே ஆதாரம். எதைத் தடுத்தார்களோ அதில் இன்று அதே மாவட்டம் நாட்டுக்கே தலைமை தாங்குவதைக் காணும்போது, வரலாற்றில் இறைவனின் கை இருப்பதை என்னால் மறுக்க இயலவில்லை.

1831ஆம் ஆண்டின் நிகழ்ச்சியைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். கத்தோலிக்க உழவர்கள் தங்கள் விளைச்சலிலிருந்து அரசுத் திருச்சபையின் போதகருக்குத் தசமபாகம் கட்ட வேண்டிய காலம் அது. கூட்டம் கூடினால் குற்றம். ஆகவே ஹர்லிங் ஆடப் போகிறோம் என்று சொல்லி, மட்டைகளை ஏந்தி ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். அந்த இயக்கத்தாருக்கே ‘ஹர்லர்கள்’ என்று பெயர் நிலைத்தது. டிசம்பர் 14 அன்று, நாக்டோஃபர் போதகருக்குரிய வரிக்காக ஆணை சார்வு செய்ய வந்தவரையும் அவருக்குத் துணையாக வந்த காவல் படையையும் காரிக்‌ஷாக் என்னும் இடத்தில் குறுகிய சந்தொன்றில் மக்கள் மறித்தார்கள். காவல் தரப்பில் பத்துக்கும் மேற்பட்டோரும் ஊரார் மூவரும் மாண்டார்கள். மறு ஆண்டு வழக்கில் குற்றம் சாட்டப்பட்டோருக்காக வாதாடியவர் டேனியல் ஓ’கானல். அந்த இரத்தத்தை நான் போற்றவில்லை. இருதரப்பிலும் இறந்தவர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்காக மன்றாடுவதே நமக்குத் தகும். ஆனால் அந்த மண்ணில் மட்டை ஏந்துவது பொழுதுபோக்காக மட்டும் இருந்ததில்லை. காரிக்‌ஷாக் என்ற பெயரைத் தாங்கிய ஹர்லிங் கழகம் இன்றும் பாலிஹேலுக்கு அண்டையில் இருக்கிறது.

1840களின் பெரும் பஞ்சம் ஊர்களைக் காலி செய்தது, ஆட்டமும் நலிந்தது. 1884 நவம்பர் 1 அன்று தர்ல்ஸ் நகரின் ஹேய்ஸ் விடுதியில் மைக்கேல் கியூசாக், மாரிஸ் டேவின் முதலியோர் கூடி கேலிக் விளையாட்டுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். காஷல் பேராயர் தாமஸ் குரோக் அதன் புரவலர் ஆனார். ஏற்பு தெரிவித்து அவர் எழுதிய மடலை இளங்குருக்கள் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். மக்களின் விளையாட்டு மடிவது மக்களின் மானம் மடிவதாக அவருக்குப் பட்டது. செக்கரியா இறைவாக்கினர் மீட்கப்பட்ட எருசலேமைக் காட்சியில் காணும்போது, கையில் கோலூன்றிய முதியோரையும் தெருக்களில் விளையாடும் சிறுவர் சிறுமியரையும் ஒருசேரக் காண்கிறார் (அதிகாரம் 8). மறைநூல் அறிஞர் பலர் இந்தப் பகுதியை விரைந்து கடந்துவிடுகிறார்கள். பேராயர் குரோக் அதை வாழ்ந்து காட்டினார் என்பேன்.

சங்கத்தின் அடித்தளம் பங்கு. கில்கென்னியில் இந்த விதி கண்டிப்பானது: எந்தப் பங்கைச் சேர்ந்தவனோ அந்தப் பங்கின் கழகத்துக்கே ஆட வேண்டும். பணம் கொடுத்து ஆளை இழுக்க முடியாது, ஊதியமும் கிடையாது. திருமுழுக்குப் பெற்ற ஆலயமே பெரும்பாலும் ஒருவனுடைய அணியையும் தீர்மானித்துவிடுகிறது. வலியவனும் எளியவனும், நல்ல உழவனும் ஊர்ச் சண்டைக்காரனும் ஒரே சட்டையை அணிந்து நிற்க வேண்டும். யாரோடு ஆடுவது என்று தேர்ந்துகொள்ள முடியாதபோதுதான் ஒருவரை ஒருவர் தாங்கப் பழகுகிறார்கள்.

1972இல் பாலிஹேல், நாக்டோஃபர், நாக்மாய்லன் பகுதிகளின் ஆட்டக்காரர்கள் ஒரே கழகமாக இணைந்து ஷாம்ராக்ஸ் என்று பெயர் சூட்டிக்கொண்டார்கள். மூவிலைச் செடியைக் காட்டி மூவொரு இறைவனை விளக்கியதாகச் சொல்லப்படும் புனித பேட்ரிக்கின் மரபு அந்தப் பெயரில் இருக்கிறது. ஆறே ஆண்டுகளில், 1978இல், மாவட்டக் கோப்பை வந்தது. 1981இல் அகில அயர்லாந்து கழகக் கோப்பையை வென்ற அணியில் ஃபென்னலி குடும்பத்துச் சகோதரர்கள் எழுவர் ஆடினார்கள்! ஒரே தாயின் பிள்ளைகள் எழுவரும் ஒரே களத்தில் நிற்பதை நினைக்கும்போது மக்கபேயர் நூல் சொல்லும் தாயும் அவளுடைய ஏழு மக்களும் என் நினைவில் எழுகிறார்கள். அது வேறு களம், வேறு போர். எனினும் ஏழு பிள்ளைகளையும் ஒரே நோக்கத்துக்கு வளர்க்கும் தாயின் உள்ளம் ஒன்றே.

மாவட்டக் கோப்பையை வென்ற கழகமே மாவட்ட அணியின் தலைவரை முன்மொழியும் என்பது அங்கே நெடுநாள் வழக்கம். அதனால் 1979இல் ஜெர் ஃபென்னலியும், 1983லும் 1992லும் லியம் ஃபென்னலியும் மாவட்ட அணிகளுக்கான அகில அயர்லாந்துக் கோப்பையைக் கையில் ஏந்தினார்கள். 1991க்குப் பின் வறட்சி. 2006 வரை மாவட்டக் கோப்பை ஊர் திரும்பவில்லை. அந்தப் பதினைந்து ஆண்டுகளில் ஊர்த் தொடக்கப்பள்ளி மைதானத்தில் பிள்ளைகள் வளர்ந்தார்கள். விளைவு: 2007இல் ஹென்றி ஷெஃப்லின், 2008இல் ஜேம்ஸ் ஃபிட்ஸ்பேட்ரிக், 2009இல் மைக்கேல் ஃபென்னலி என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஒரே சிற்றூர்க் கழகத்தவரே நாட்டின் உயர்ந்த கோப்பையைப் பெற்றார்கள். வங்கி ஊழியரான ஷெஃப்லின், களமிறங்கி ஆடி 10 அகில அயர்லாந்துப் பதக்கங்களைப் பெற்ற முதல் வீரர். ஆட்டத்திலிருந்து ஓய்ந்ததும் ஊருக்கே பயிற்சியாளராகி, 2019, 2020 ஆகிய இரு ஆண்டுகளிலும் கழகக் கோப்பையைக் கொண்டுவந்தார்.

அந்தப் பதினைந்து ஆண்டு வறட்சியை நம் இளைஞர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். கோப்பை வராத ஆண்டுகளிலும் மாலைதோறும் சிறுவர்களை மைதானத்துக்கு அழைத்து வாருங்கள். பெற்றோரே, தேர்வைக் காரணம் காட்டி அவர்களை வீட்டுக்குள் பூட்டாதீர்கள். பங்கு மேய்ப்புப்பணிப் பேரவை, மைதானத்தின் வேலியை ஆலயச் சுவரைப் போலவே பேண வேண்டும்.

2022 பிப்ரவரியில் கழக இறுதிப் போட்டி. பாலிகன்னர் அணிக்கு எதிராக வெற்றி கைக்கெட்டிய நிலையில், கடைசி நொடிகளில் ஹாரி ரடில் அடித்த கோல் பாலிஹேலைத் தோற்கடித்தது. அழியும் வாகைக்காகக் கடும் பயிற்சி செய்வோரைப் பற்றிப் புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதியதை (முதல் திருமுகம், அதிகாரம் 9) நான் பலமுறை மறையுரைகளில் கேட்டிருக்கிறேன். அந்த ஆட்டத்தின் பதிவைப் பார்த்தபோதுதான் அதன் வலி விளங்கிற்று. பதினோரு மாதங்கள் கழித்து, 2023 ஜனவரியில், தோல்வி கண்ட அதே குரோக் பூங்கா அரங்குக்கு அவர்கள் மீண்டும் வந்து ஒன்பதாம் முறையாகக் கோப்பையை வென்றார்கள். வேறெந்தக் கழகமும் நான்குக்கு மேல் வென்றதில்லை. பேராயர் குரோக்கின் பெயர் தாங்கிய, 82,000 பேருக்கு மேல் அமரக்கூடிய அந்த அரங்கில் அன்று அவர்களை எதிர்த்து நின்றது, வடக்கே ஆன்ட்ரிம் மாவட்டத்திலிருந்து வந்த டன்லாய் என்னும் இன்னொரு சிற்றூரின் கழகம்.