பச்சை வலை போர்த்திய மலைகள்

சீனாவின் பத்து யுவான் நோட்டின் பின்பக்கத்தில் ஒரு மலைவாசல் அச்சாகியிருக்கிறது. இரண்டு செங்குத்துப் பாறைகளுக்கு நடுவே யாங்சி ஆறு நுழையும் குய்மென் என்ற இடம். ஜியா ஜாங்கே இயக்கி, 2006இல் வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்கம் விருது பெற்ற ‘ஸ்டில் லைஃப்’ படத்தில், பிரிந்துபோன மனைவியைத் தேடிவரும் சுரங்கத் தொழிலாளி அந்த நோட்டைக் கையில் பிடித்தபடி எதிரே இருக்கும் மலையைப் பார்க்கிறார். மலை அதேதான். அவர் தேடிவந்த ஊர்தான் பாதி தண்ணீருக்குள்; மீதியைச் சம்மட்டியால் உடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நோட்டில் போட மலையையும் ஆற்றையும் தேர்ந்ததில் வியப்பில்லை. சீன மொழியில் நிலக்காட்சி ஓவியத்துக்குப் பெயரே ‘ஷான்ஷுய்’, அதாவது மலை, நீர். கண்ணில் பட்டதை அப்படியே படியெடுப்பது அதன் நோக்கமாக இருந்ததில்லை. உலகில் மனிதன் எந்த இடத்தில் நிற்கிறான் என்பதே அதன் பேச்சு. கி.பி. 1000ஐ ஒட்டி ஃபான் குவான் வரைந்த பட்டு ஓவியம் ஒன்று தைபே அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இரண்டு மீட்டருக்கும் மேல் உயரம். அதில் பெரும்பகுதியும் மலை. கீழே ஓர் ஓரத்தில், தேடினால்தான் தெரியும் அளவில், பொதி சுமக்கும் சில விலங்குகளும் அவற்றை ஓட்டிப்போகிறவர்களும். ஓவியர் தன் கையெழுத்தையும் இலைகளுக்குள் ஒளித்துவிட்டார். அது கண்ணில் பட்டது 1958இல்தான்.

மறு ஆண்டே இந்த அளவுகோல் மாறியது. பெய்ஜிங்கில் மக்கள் மாமண்டபத்துக்காக ஃபூ பாவ்ஷியும் குவான் ஷான்யுவேயும் சுமார் 9 மீட்டர் அகலத்தில் ஒரு மலை ஓவியம் தீட்டினார்கள். தலைப்பு மாவோவின் கவிதையிலிருந்து எடுத்தது. அதை ஓவியத்தின் மேல் எழுதித் தந்ததும் மாவோவே. கீழ்வானில் ஒரு சிவப்புச் சூரியன். பழைய மலை, பழைய மை, ஆனால் பார்க்கும் கண் இப்போது நாட்டுக்குச் சொந்தக்காரனுடையது. யாங்சியின் மலையிடுக்குகளில் கல்சுவர் எழுப்பும் கனவையும் மாவோ 1956லேயே கவிதையாக்கியிருந்தார்.

கனவு 1994இல் கட்டுமானமாகி, 2003இல் நீர் தேங்கத் தொடங்கியது. மூன்று மலையிடுக்கு அணைக்காக 12 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடு பெயர்ந்தார்கள். தற்காலச் சீனக் கலைஞர்கள் நிலக்காட்சிக்குத் திரும்பியதற்கு இந்த ஓர் அணை தந்த உந்துதல் மிகப் பெரிது. லியு சியாவ்துங் மலையைப் பின்னணிக்குத் தள்ளி, இடம்பெயர்ந்தவர்களை 10 மீட்டர் அகலத் திரைச்சீலையில் எண்ணெய் வண்ணத்தில் முன்னே நிறுத்தினார். 2006 ஏலத்தில் அது 2.2 கோடி யுவானுக்குப் போனது. வீடிழந்தவர்களின் படம் யார் வீட்டுச் சுவருக்குப் போகும் என்பதும் அந்தக் காலத்தின் கதைதான்.

நகரத்துக் கலைஞர்கள் வேறு வழி பிடித்தார்கள்: பழைய வடிவத்தை வைத்துக்கொண்டு அதன் சரக்கை மாற்றினார்கள். யாவ் லூவின் படங்களில் மூடுபனிக்குள் பச்சை மலைகள், ஓரத்தில் ஒரு சிறு மண்டபம், மூலையில் சிவப்பு முத்திரை. கிட்டே போனால் மலையில் தையல் தெரிகிறது. கட்டட இடிபாட்டுக் குவியல்களில் தூசி பறக்காமல் இருக்கப் போர்த்தும் பச்சை வலை அது. ஷாங்காய்க்காரரான யாங் யோங்லியாங், உயர்மாடிக் கட்டடங்களையும் பாரந்தூக்கிகளையும் கணினியில் அடுக்கிப் பாறைமுகடுகள் ஆக்கினார். திறமைக்குக் குறைவில்லை, ஆனால் நாலாவது படத்தில் வியப்பு வற்றிவிடுகிறது. யாவ் லூவின் வலை அப்படியல்ல. மேட்டை மூடிப் பச்சையாகக் காட்டும் வேலையை அது கட்டுமானத் தளத்திலேயே செய்துகொண்டிருந்தது. அவர் அதைப் படச்சட்டத்துக்குள் கொண்டுவந்தார், அவ்வளவே.

சூ பிங் 2004இல் தொடங்கிய வரிசையில் ஏமாற்று இன்னும் வெளிப்படை. முன்னால் நின்றால், ஒளி ஊடுருவும் மங்கிய கண்ணாடியில் பழைய சுருளோவியம் ஒன்று. அதன் பின்பக்கம் போய்ப் பார்க்கலாம், தடையில்லை. காய்ந்த செடிகள், கசங்கிய காகிதம், நார், ஒட்டுநாடா. மை ஒரு சொட்டுகூட இல்லை.

இவர்களுக்கெல்லாம் முன்பே ஜுவாங் ஹுய் யாங்சியின் மலையிடுக்குகளுக்குப் போயிருந்தார். தரையைக் குழாய்போலக் குடைந்து மண்ணெடுக்கும் ‘லோயாங் மண்வெட்டி’ சீனாவில் கல்லறைத் திருடர்களிடமிருந்து தொல்லியலாளர்கள் கைக்கு வந்த கருவி. 1995இல் அதைக்கொண்டு, மூழ்கவிருந்த கரையில் நூற்றுக்கும் மேற்பட்ட துளைகளைப் போட்டுப் படமெடுத்து வைத்தார். 2007இல் அதே இடங்களைப் படம்பிடிக்க ஒருவரை அனுப்பினார். வந்த படத்தில் இருந்தது தண்ணீர் மட்டும்.