கடற்கடனும் கடன்காப்பும்

கடலூரினின்று சிதம்பரம் செல்லும் பெருவழியில், உப்பனாற்றை அடுத்து, குடிகாடு முதலிய ஊர்களைத் தழுவி நிற்பது சிப்காட் தொழிற்பேட்டையாகும். தமிழ்நாட்டு அரசினர் 1971-ஆம் ஆண்டில் நிறுவிய கழகத்தின் பெயரே பேட்டைக்கும் பெயராயிற்று. மருந்தும் சாயமும் இரசாயனப் பொருள்களும் இயற்றும் ஆலைகள் ஆங்கு உள. நம்மவருள் சிலர் அவற்றில் உழைப்பவர். சிலர் அவற்றிற்கு வேண்டிய சில்லறைச் சரக்குகளைத் தவணைக்கு விற்பவர். தவணைக்கு விற்றல் என்பது கடன் கொடுத்தலேயாம். சரக்கு ஏற்றிய வண்டி போய்விடும். பணம் வருமோ என்னும் ஏக்கம் மனையில் தங்கும். இவ்வேக்கத்திற்கு மாற்றாக உலகினர் கண்ட கடன்காப்பு என்னும் முறையின் வரலாற்றை இத்திங்கள் ஒருவாறு எழுதப் புகுகின்றோம்.

இஃது இக்கரைக்குப் புதியதன்று. 1690-இல் ஆங்கிலக் கம்பெனியார் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடம் விலைக்குப் பெற்றனர். அக்கோட்டைத் துறையினின்றும், தெற்கே பரங்கிப்பேட்டையினின்றும் நெய்த துணிகள் கடல் கடந்து சென்றன. அக்காலத்து வணிகர் கப்பலையோ சரக்கையோ ஈடாக வைத்துக் கடன் பெறுவதுண்டு. கப்பல் நலமே கரை சேரின் முதலும் மிகுந்த வட்டியும் செலுத்த வேண்டும். கடலில் அமிழ்ந்து போயின் கடனும் அமிழ்ந்துபோம். வட்டி மிக்கிருந்தமைக்குக் காரணம், கடலின் அபாயத்தைக் கடன் கொடுத்தவன் ஏற்றுக்கொண்டமையே. அபாயத்தைப் பிறர் ஏற்பதற்கு விலையுண்டு என்னும் உண்மை இதனால் விளங்கும்.

ஆயின் கப்பல் கரை சேர்ந்தும், வாங்கினவன் பணம் கொடாதொழியின் என் செய்வது? முதல் உலகப்போரின் பின்னர் வாணிகம் நலிந்தபோது, 1919-இல் பிரிட்டிஷ் அரசினர் ஏற்றுமதிக் கடனுக்கு உறுதி தரும் இலாகா ஒன்றை அமைத்தனர். நம் நாட்டில், 1957-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், ஏற்றுமதி அபாயக் காப்பீட்டுக் கழகம் பம்பாயில் தோன்றிற்று. அதுவே பெயர் மாறி இந்நாள் இ.சி.ஜி.சி. என வழங்குகின்றது.

அது நடைபெறும் முறையைக் கூறுவோம். அயல்நாட்டார் ஒருவருக்குப் பத்து இலக்கம் ரூபாய்ச் சரக்கைத் தவணைக்கு அனுப்புகின்றோம் எனக் கொள்க. முன்னரே கழகத்தினிடம் அவருடைய நாணயத்தைக் குறித்துக் கேட்டு, வரம்பு பெற்று, பிரீமியம் செலுத்த வேண்டும். அவர் திவாலாயினும், தவணை கடந்தும் கொடாதொழியினும், போர் முதலியவற்றால் பணம் வாராது தடைப்படினும், கழகம் நட்டத்தில் ஒரு பங்கை ஈடுசெய்யும். அப்பங்கு நூற்றுக்குத் தொண்ணூறாயின் நமக்கு ஒன்பது இலக்கம் கிட்டும். எஞ்சிய ஓரிலக்கம் நம்மைச் சார்ந்ததே. முழுதும் காப்புண்டெனின் விற்பவன் ஆள் அறியாமல் விற்பான். அதனைத் தடுத்தற்பொருட்டே இவ்வமைப்பு. சரக்கின் குறைபாட்டால் எழும் வழக்கிற்கும், விற்றவனது பிழைக்கும் காப்பில்லை.

இனிக் கடன் வாங்குவோர்க்கு வருவோம். வீட்டுப் பத்திரமும் பெண்டிர் நகையும் ஈடு வைக்க இயலாத சிறுதொழிலாளர்பொருட்டு, மத்திய அரசினரும் சிட்பி வங்கியும் 2000-ஆம் ஆண்டில் ஓர் உறுதி நிதியை நிறுவினர். ஈடின்றிக் கொடுத்த கடன் வாராதாயின், அந்நிதி வங்கிக்குப் பெரும்பகுதியைத் தரும். 2020-இல் கொரோனாப் பெருநோயால் தொழில்கள் முடங்கியபோதும், நலிந்த தொழிலர்க்கு வங்கிகள் மேலும் கடன் கொடுக்குமாறு அரசினர் இத்தகைய உறுதியே அளித்தனர்.

இங்கே நம்மவர் பலர் மயங்குகின்றனர். சின்னாட்களுக்கு முன் இளைஞர் ஒருவர் வங்கிக் கடிதம் ஒன்றைக் கொணர்ந்து நம்மிடம் பொருள் கேட்டார். "சர்க்கார் உறுதி உள்ள கடன்தானே ஐயா, தொழில் நின்றுவிட்டால் சர்க்காரே கட்டிவிடாதா?" என்று அவர் வினவியபோது நாம் திகைத்தோம். அவ்வெண்ணத்தால் முன்வந்த கடிதங்களுக்கு அவர் மறுமொழியும் எழுதவில்லை. வந்ததோ வழக்கு அறிவிப்பு. உறுதிக்குரிய கட்டணத்தைத் தாமே செலுத்தியமையால், காப்பும் தமக்கே என அவர் கருதியிருந்தார்.

உண்மை இதுவாகும்: அவ்வுறுதி வங்கிக்கு உரியது. நிதி வங்கிக்குப் பணம் கொடுத்த பின்னரும் வாங்கினவர் கடனாளியே. கடன் வாங்கினவர் இறந்துபடின் நிலுவையைத் தீர்க்கும் ஆயுட்காப்பு வேறொன்று. அது தனியே எடுக்கப்பட வேண்டுவது. இரண்டும் ஒன்றல்ல.

ஆதலின் அன்பர்காள், கையெழுத்திடுமுன் மூன்று வினாக்களைக் கேண்மின்: காப்புப் பணம் யார் கைக்குச் செல்லும்? எவ்வகை நட்டத்திற்குச் செல்லாது? எத்தனை நாளுக்குள் அறிவிக்க வேண்டும்? தொழில் தளரின், கடிதத்தை மறைத்து வையாமல் உடனே வங்கியாரைக் கண்டு தவணை மாற்றம் கேட்பதே மானத்தைக் காக்கும் வழியாகும். அவ்விளைஞர் இப்பொழுது அவ்வாறே செய்து, சிறுசிறு தவணையாகச் செலுத்தி வருகின்றார். படிவம் விளங்காதவர் நம் சங்கத்துப் படித்த பிள்ளைகளை நாணாது அணுகுக. அவர்களும் முகங்கோணாது படித்துச் சொல்லுக.