பழைய கார்களின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெய்

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் ஊற்றப்படும் எண்ணெய், வழக்கில் ஏடிஎஃப், ஒரே நேரத்தில் பல வேலைகளைச் செய்கிறது. பற்சக்கரங்களுக்கு மசகாகிறது, வால்வுகளுக்கு அழுத்தத்தைக் கடத்துகிறது, டார்க் கன்வெர்ட்டரில் விசையைக் கைமாற்றுகிறது, சூட்டை வெளியே கொண்டுபோகிறது. பழைய காருக்கு எண்ணெய் தேர்ந்தெடுப்பதில் சிக்கலை உண்டாக்குவது இவற்றில் எதுவுமல்ல, கிளட்ச் பிளேட்டுகளின் உராய்வுதான். எண்ணெயில் மூழ்கியபடியே ஒன்றையொன்று கவ்வும் இந்தப் பிளேட்டுகள் எவ்வளவு நேரம் வழுக்கி, எந்தக் கணத்தில் இறுகிப் பிடிக்க வேண்டும் என்பதை எண்ணெயின் சேர்மானங்களும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. ஆகவே ஒரு காரின் கையேட்டில் அச்சிட்டிருக்கும் எண்ணெய்ப் பெயரை, அந்தக் கியர்பாக்ஸின் கிளட்ச் எப்படி வடிவமைக்கப்பட்டது என்பதற்கான சான்றாகவே படிக்க வேண்டும். எது புதியது, எது விலை கூடியது என்ற கேள்விகள் அதற்குப் பிறகு வருபவை.

பெருமளவில் விற்பனைக்கு வந்த முதல் முழு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ரா-மேட்டிக். 1940 மாதிரி ஆண்டின் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் அது வந்தது.

எண்ணெயின் முறையான வரலாறு 1949இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு ஜெனரல் மோட்டார்ஸ் ‘டைப் ஏ’ என்ற தரநிர்ணயத்தை வெளியிட்டு, எந்த எண்ணெய் நிறுவனமும் தேர்வில் தேறி அதன்படி தயாரித்து விற்கலாம் என்று வழிவிட்டது. தேர்வு நடத்தும் பொறுப்பு சிகாகோவின் ஆர்மர் ஆராய்ச்சி நிறுவனத்திடம் இருந்தது. தேறிய எண்ணெயின் டப்பா ‘ஏக்யூ-ஏடிஎஃப்’ என்ற எழுத்துகளோடு தனி எண்ணையும் தாங்கி வந்தது. பழம்பொருள் சேகரிப்போர் இன்றும் தேடும் அந்தத் தகர டப்பாக்களில் நிறுவனப் பெயரைவிட அந்த எண்ணே அதிகம் சொல்கிறது. 1957இல் ‘டைப் ஏ சஃபிக்ஸ் ஏ’, 1967இல் ‘டெக்ஸ்ரான்’ என்று தரம் உயர்ந்தது. இந்தக் காலத்து எண்ணெய்களில் உராய்வைத் தணிக்கும் சேர்மானமாக இருந்தது ஸ்பெர்ம் திமிங்கல எண்ணெய். சாதாரணக் கொழுப்பைப் போலன்றி அது பெரும்பாலும் திரவ மெழுகு. சூட்டைத் தாங்கி உலோகப் பரப்பில் மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்ளும். கிளட்ச் உதறாமல் வழுக்கிப் பிடித்த மென்மை, கடலாழத்தில் வாழும் ஒரு விலங்கிடமிருந்து வந்தது. 1970இல் அமெரிக்க அரசு ஸ்பெர்ம் திமிங்கலத்தை அழியும் நிலையிலுள்ள உயிரினப் பட்டியலில் சேர்த்தபின் அந்த வழி அடைபட்டது. இதே மெழுகு அமைப்புள்ள ஹொஹோபா விதை எண்ணெய்மீது ஆராய்ச்சியாளர்களின் கவனம் திரும்பியது. 1973 அளவில் திமிங்கல எண்ணெய் இல்லாத ‘டெக்ஸ்ரான் 2’ வந்தது. அதன் முதல் வடிவம் ரேடியேட்டருக்குள் இருந்த எண்ணெய்க் குளிர்விப்பானை அரித்ததால், 1970களின் நடுவில் அரிப்புத் தடுப்பான் சேர்த்த ‘டி’ வடிவம் அதன் இடத்தைப் பிடித்தது. அந்த ஆண்டுகளில் கியர்பாக்ஸ் பழுதுகள் பெருகியதற்குத் திமிங்கல எண்ணெய் மறைந்ததே காரணம் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. ஆனால் கடும் மாசுக் கட்டுப்பாட்டால் எஞ்சின் சூடு கூடிய காலமும் அதுவே என்பதால், ஒரே காரணத்தின்மீது பழியைப் போடுவது கடினம்.

ஃபோர்டு நிறுவனம் 1960களில் தனிவழி போனது. 1967இன் எம்2சி33-எஃப், அதாவது ‘டைப் எஃப்’, உராய்வைத் தணிக்கும் சேர்மானம் இல்லாதது. டெக்ஸ்ரானில் பிளேட்டுகளின் வேக வேறுபாடு குறையக் குறைய உராய்வும் குறைந்து, கியர் மாற்றம் மெதுவாக முடிகிறது. டைப் எஃப்பில் இது தலைகீழ்: கடைசிக் கணத்தில் உராய்வு ஏறி, பிளேட்டுகள் சட்டென்று கவ்வுகின்றன. அதற்கேற்ப வடிவமைத்த கியர்பாக்ஸில் டெக்ஸ்ரான் ஊற்றினால் வழுக்கல் நீண்டு, சூடேறி, பிளேட்டின் மேற்பூச்சு கருகும் வாய்ப்பு உண்டு. வெண்கலப் பூச்சுள்ள பிளேட்டுகளுக்காகவே டைப் எஃப் உருவானது என்பது ஒரு சாரார் கருத்து. காகிதப் பூச்சுள்ள பிளேட்டுகளோடும் அது பயன்பட்டதை மற்றவர்கள் சுட்டுகின்றனர். 1970களின் பிற்பகுதியில் ஃபோர்டே தணிப்பான் சேர்த்த ‘சிஜே’ எண்ணெய்க்கும், 1987இல் ‘மெர்கான்’ தரத்துக்கும் மாறியது. எனவே ஃபோர்டு கார் என்பது மட்டும் போதாது. எந்த ஆண்டின் எந்தக் கியர்பாக்ஸ் என்று தெரிய வேண்டும். ஐரோப்பாவில் வால்வோ உள்ளிட்ட கார்களில் வந்த போர்க்-வார்னர் 35 டைப் எஃப் வழியிலும், கிரைஸ்லரின் டார்க்ஃப்ளைட் டைப் ஏ, டெக்ஸ்ரான் வழியிலும் சென்றன.

புதிய தரம் பழையதை உள்ளடக்கும் என்ற எதிர்வாதம் வலுவானதே. 2005இல் வந்த ‘டெக்ஸ்ரான் 6’ முந்தைய டெக்ஸ்ரான்கள் அனைத்துக்கும் மாற்று என்று ஜெனரல் மோட்டார்ஸே அறிவித்தது. ஆனால் 100 டிகிரி செல்சியஸில் அதன் பாகுத்தன்மைக்கு உச்சவரம்பு 6.4 சென்டிஸ்டோக், அதற்கு முந்தைய டெக்ஸ்ரான் 3 எண்ணெய்கள் பொதுவாக 7க்கு மேல். தேய்ந்த புஷ்களும் இறுகிப்போன சீல்களும் உள்ள 1950களின் கியர்பாக்ஸில் மெல்லிய எண்ணெய் கசியும், அழுத்தம் குறையும் என்று பழுதுபார்ப்போர் பலர் தயங்குகின்றனர். டெக்ஸ்ரான் 3 ஓட்டத்தில் விரைவாக மெலிகிறது, டெக்ஸ்ரான் 6 தன் பாகுத்தன்மையைக் காக்கிறது, ஆகவே சில ஆயிரம் கிலோமீட்டருக்குப் பின் வேறுபாடு சுருங்குகிறது என்பது மறுதரப்பின் பதில். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் இந்த விவாதம் டெக்ஸ்ரான் வம்சத்துக்குள் நடப்பது. டைப் எஃப் கேட்கும் பெட்டிக்கு அந்த அறிவிப்பு பொருந்தாது. பாகுத்தன்மையை எவ்வளவு சரிசெய்தாலும் உராய்வின் திசை மாறாது. கார் பந்தயக்காரர்கள் சிலர் கடினமான கியர் மாற்றத்துக்காக ஜெனரல் மோட்டார்ஸ் பெட்டிகளில் டைப் எஃப்பை வேண்டுமென்றே ஊற்றுவதும் உராய்வே முடிவு செய்கிறது என்பதைக் காட்டுகிறது.

டெக்ஸ்ரான் 3 உரிமங்கள் 2006 முடிவில் காலாவதியாயின. அந்தப் பெயரைச் சொல்லி இன்று விற்கப்படும் எண்ணெய்களுக்குத் தயாரிப்பாளரின் வாக்கே உத்தரவாதம். டைப் எஃப் இன்னும் கிடைக்கிறது. பிரித்துப் புதுப்பித்த கியர்பாக்ஸுக்குக் கணக்கு வேறு: புதிய பிளேட்டுகளின் பூச்சு மூலப் பிளேட்டுகளின் பூச்சிலிருந்து மாறுபட்டிருக்கக்கூடும் என்பதால், அங்கே கையேட்டைவிடப் பிளேட் தயாரிப்பாளரின் பரிந்துரையே முந்துகிறது.