மாதிரிப் பள்ளியும் வானவில் மன்றமும்

அபிராமபுரத்தில் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கும் பஞ்சமில்லை, சாயங்காலம் அவர்களை அனுப்பும் இடங்களுக்கும் பஞ்சமில்லை. செயின்ட் மேரீஸ் சாலையிலிருந்து மந்தைவெளி, ஆழ்வார்பேட்டைப் பக்கம் ஒரு நடை போனால் அபாகஸ், செஸ், ரோபோடிக்ஸ், ஒலிம்பியாட் பயிற்சி, ஆறாம் வகுப்பிலேயே தொடங்கும் ஐஐடி ஃபவுண்டேஷன் என்று விளம்பரப் பலகைகள் தென்பட்டுக்கொண்டே இருக்கும். கொண்டுபோய் விட ஒரு ஸ்கூட்டரும், காத்திருந்து கூட்டிவர ஒரு தாத்தாவும், கட்டணம் கட்டத் தெம்பும் இருந்தால் போதும். அதே வட்டாரத்தில் மாநகராட்சிப் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு, அம்மா இந்த அடுக்கு மாடி வீடுகளில்தான் வேலை பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம், பாடப்புத்தகத்துக்கு வெளியே ஏதாவது கிடைக்க வேண்டுமென்றால் அது பெரும்பாலும் அரசாங்கத்தின் வழியாகத்தான் வந்தாக வேண்டும்.

அப்படி வந்த இரண்டை இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 2022 செப்டம்பர் 5 அன்று வடசென்னையில் பாரதி மகளிர் கல்லூரியில் நடந்த விழாவில் 15 மாதிரிப் பள்ளிகள் தொடங்கிவைக்கப்பட்டன. அப்போதைய டெல்லி முதல்வர் கெஜ்ரிவால் வந்திருந்தார். பத்திரிகைகளில் முதல் பக்கச் செய்தி. மூன்று மாதம் ஆவதற்குள், நவம்பர் 28 அன்று, திருச்சி காட்டூரில் ஆதிதிராவிடர் நலப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் வானவில் மன்றம் தொடங்கியது. அதற்கு இத்தனை வெளிச்சம் விழவில்லை. ஒரே துறை, ஒரே ஆண்டு. ஆனால் திறமை என்பது எங்கே இருக்கிறது, அதை என்ன செய்வது என்ற கேள்விக்கு இரண்டும் தரும் பதில்கள் எதிரெதிரானவை.

மாதிரிப் பள்ளி தேர்ந்தெடுக்கிறது. மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளைப் பெரும்பாலும் மதிப்பெண்ணையும் மதிப்பீட்டுத் தேர்வையும் கொண்டு அடையாளம் கண்டு, விடுதியோடு கூடிய ஒரே வளாகத்தில் சேர்த்து, உயர்கல்விக்குத் தயார்செய்கிறது. இப்போது 38 மாவட்டங்களிலும் உண்டு. தங்க இடம், சாப்பாடு, படிப்பு எல்லாம் இலவசம். இங்கே படித்தவர்கள் ஐஐடி, என்ஐடி, தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்கள் என்று போயிருக்கிறார்கள். யோசனையாகப் பார்த்தால் புதிதல்ல. 1986 தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி மற்ற மாநிலங்களில் வந்த நவோதயா பள்ளிகள் ஆறாம் வகுப்புக்கே தேர்வு வைத்துப் பிள்ளைகளை எடுத்துக்கொள்கின்றன. மொழிக் கொள்கையின் காரணமாகத் தமிழ்நாடு அவற்றை ஏற்கவில்லை. காலியாக இருந்த அந்த இடத்தில் தன் பாணியில் ஒன்றைக் கட்டியிருக்கிறது.

மாதிரிப் பள்ளியின் பெரிய கொடை பாடமல்ல, தகவல். எந்தக் கல்லூரிக்கு எந்த நுழைவுத் தேர்வு, விண்ணப்பிக்கக் கடைசி நாள் எது, சாதிச் சான்றிதழும் வருமானச் சான்றிதழும் எப்போது கையில் இருக்க வேண்டும், கலந்தாய்வில் விருப்பப் பட்டியலை எப்படி வரிசைப்படுத்துவது என்பதெல்லாம் நடுத்தர வர்க்க வீடுகளில் சாப்பாட்டு மேசைப் பேச்சு. முதல் தலைமுறையாகப் படிக்கும் பிள்ளை இதில் ஒன்றைத் தவறவிட்டாலே ஒரு வருஷம் போய்விடும். 2020-இல் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தபோது வாசல் அகலமானது. வாசல் வரை கூட்டிப்போகும் வேலையை மாதிரிப் பள்ளி செய்கிறது. இதைச் சிறிதாக நினைக்கிறவர் தன் பிள்ளைக்காக ஒரு கலந்தாய்வுக்கும் அலையாதவராக இருக்க வேண்டும்.

ஆனால் நுழைவுத் தேர்வுப் பயிற்சி வேறு, திறன் வளர்ப்பு வேறு. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது நம் ஊர் வழக்கம். மதிப்பெண்ணை வைத்துத் தேடினால் உழைப்பாளியும் சொன்னதைச் செய்யும் பிள்ளையும் கட்டாயம் கிடைப்பார்கள். கணக்கில் விடையைச் சரியாகச் சொல்லிவிட்டு, படிகளை எழுதச் சோம்பல்பட்டு அறுபது வாங்கும் பையன் கிடைக்க மாட்டான். தமிழில் தடுமாறினாலும் உடைந்த மின்விசிறியைப் பிரித்துப் பூட்டும் பெண்ணும் கிடைக்க மாட்டாள். அமெரிக்காவில் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் ஜோசப் ரென்சுல்லி 1978-லேயே சொன்னது இதைத்தான். சராசரிக்கு மேற்பட்ட ஆற்றல், படைப்பூக்கம், எடுத்த வேலையில் விடாப்பிடி ஆகிய மூன்றும் கூடும் இடத்தில்தான் மேதைமை தெரிகிறது என்றார் அவர். ஒரு தேர்வை வைத்து உச்சியில் இருக்கும் மூன்று, ஐந்து சதவீதத்தோடு நிற்காமல், பதினைந்து இருபது சதவீதம் பேரை உள்ளே விட்டுப் பார்க்கச் சொன்னார்.

வானவில் மன்றம் யாரையும் தேர்ந்தெடுப்பதில்லை. ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு, 13,210 அரசுப் பள்ளிகளுக்கு, அறிவியல் கணிதக் கருவிகளோடு ஒரு ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) கருத்தாளர் இரு சக்கர வண்டியில் வந்து இறங்குகிறார். ஆடி, காந்தம், பலூன், உறிஞ்சு குழல், மடித்த காகிதம் மாதிரி எளிய பொருள்கள். வகுப்பு முழுவதும் தொட்டுப் பார்க்கிறது, கேள்வி கேட்கிறது. மொத்தம் 710 கருத்தாளர்கள் என்பது திட்டக் கணக்கு. அப்படியென்றால் ஒருவருக்கு ஏறத்தாழ 19 பள்ளிகள். ஒதுக்கிய தொகை 25 கோடி. பள்ளிக்கு வகுத்தால் சுமார் 19,000 ரூபாய். அபிராமபுரத்தில் ஒரே ஒரு பிள்ளையின் ஒரு வருஷப் பயிற்சிக் கட்டணம் இதைத் தாண்டிவிடும்.

ஆகவே வானவில்லின் பலவீனம் கண்ணுக்கு எதிரே இருக்கிறது. மெல்லிசாகப் பூசியது. வகுப்பு முடிந்ததும் கருத்தாளர் கருவிகளோடு கிளம்பிவிடுவார், அடுத்த முறை வரும்வரை பிள்ளை தன் சந்தேகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். எட்டாம் வகுப்போடு அதுவும் முடிகிறது.

ஆனாலும் எல்லாப் பிள்ளைகளையும் தொட்டுப் பார்க்கவும் கேள்வி கேட்கவும் வைக்கும் இந்தப் பாணிக்குத் தமிழ்நாட்டில் வேர் ஆழமானது. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1980-இல் தொடங்கியது; அதன் சிறுவர் இதழான துளிர் 1987-இல் வந்தது. அதற்கும் முன்னால் முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியின் கணித ஆசிரியர் பி.கே. சீனிவாசன். அந்தப் பள்ளியில் எண் நண்பர்கள் சங்கம் என்று ஒன்று இருந்தது. ராமானுஜனின் கடிதங்களையும் அவரை அறிந்தவர்களின் நினைவுகளையும் சீனிவாசன் தேடித் தொகுத்து, 1968-இல் அந்தச் சங்கத்தின் பெயரிலேயே வெளிவரச் செய்தார். ஒரு பள்ளிக்கூடச் சங்கம் உலகக் கணித வரலாற்றுக்கு ஆவணம் சேர்த்துக் கொடுத்தது! பின்னாளில் ராயபுரத்தில் ராமானுஜன் அருங்காட்சியகம் அமைந்ததிலும் அவர் கை உண்டு. சீனிவாசனிடம் இருந்த, ஆனால் வானவில்லிடம் இல்லாத ஒன்று, ஒரே ஆசிரியர் அதே பிள்ளைகளோடு வருஷக்கணக்கில் இருந்தார் என்பது.

மாதிரிப் பள்ளிக்கு இன்னொரு விலையும் உண்டு. அதைக் கொடுப்பவை அந்தப் பிள்ளைகள் விட்டுப்போகும் பள்ளிகள். நல்ல மாணவி பதினான்கு வயதில் கிளம்பிப் போய்விட்டால், பக்கத்து பெஞ்சுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விகிதத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய தலைமையாசிரியர் மனதுக்குள் வருந்துவதைக் குறைசொல்ல முடியாது. நாற்றைப் பிடுங்கி நட்ட வயலை எல்லாரும் பார்க்கிறார்கள். நாற்றங்காலை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சிங்கப்பூர் இந்தப் பாதையில் நாற்பது ஆண்டு போய்ப் பார்த்தது. 1984-இல் தொடங்கிய அதன் மீத்திறன் கல்வித் திட்டம், மூன்றாம் வகுப்பில் தேர்வு வைத்து உச்சியில் வரும் ஒரு சதவீதம் பேரை ஒன்பது தொடக்கப் பள்ளிகளில் தனி வகுப்பாக வைத்தது. 2024 ஆகஸ்டில் தேசிய தினப் பேரணி உரையில் பிரதமர் லாரன்ஸ் வோங் அதை அந்த வடிவில் நிறுத்துவதாக அறிவித்தார். இனி ஒவ்வொரு தொடக்கப் பள்ளியும் தன் பிள்ளைகளுக்குத் தானே ஏற்பாடு செய்யும். இன்னும் ஆழமாகப் போக விரும்புகிறவர்கள் பள்ளி நேரத்துக்குப் பிறகு அருகிலுள்ள பள்ளியொன்றில் கூடுவார்கள். பிள்ளை தன் நண்பர்களை விட்டுப் போக வேண்டியதில்லை.

அதற்காக மாதிரிப் பள்ளிகளை மூடு என்று சொல்ல மாட்டேன். ஊருக்கு ஊர் விடை மாறும். நீலகிரியின் ஒரு கிராமத்திலிருந்தோ ராமநாதபுரத்துக் கடலோரக் குப்பத்திலிருந்தோ வரும் பிள்ளைக்கு நல்ல ஆய்வகமும் நூலகமும் எட்டாத தூரம். விடுதிதான் நியாயமான பதில். சென்னைத் தெற்கில் கதை வேறு. மந்தைவெளியில் பறக்கும் ரயிலில் ஏறினால் இரண்டாவது நிலையம் கோட்டூர்புரம். அங்கே அண்ணா நூற்றாண்டு நூலகமும் பிர்லா கோளரங்கமும். அடுத்த சில நிலையங்களுக்குள் ஐஐடியும், தரமணியில் கணித அறிவியல் நிறுவனமும் வந்துவிடும். இங்கே பிள்ளையை வீட்டிலிருந்தும் வகுப்பிலிருந்தும் பிரிக்க என்ன அவசியம்? ஒற்றை அறை வீட்டில் படிக்க இடமில்லை என்பது உண்மை. அதற்கு இரவு ஒன்பது வரை திறந்திருக்கும் படிப்பறை போதும்.

சென்னையில் வானவில்லைத் தடிமனாக்குவதுதான் என் கட்சி. ஏழாம் வகுப்பில் ஒரு பெண் கேட்ட விசித்திரமான கேள்வியைக் கருத்தாளர் நான்கு வரியாக எழுதிவைக்கட்டும். மாதிரிப் பள்ளிக்குத் தேர்வு செய்கிறவர்கள் மதிப்பெண்ணோடு அதையும் படிக்கட்டும். எட்டாம் வகுப்போடு நிறுத்தாமல் பத்து வரை நீட்டட்டும். சனிக்கிழமைகளில் பத்துப் பிள்ளைகளைக் கோட்டூர்புரத்துக்கோ தரமணிக்கோ கூட்டிப்போக ஓர் ஆசிரியருக்கு இப்போது தேவைப்படுவது பெற்றோரின் சம்மதக் கடிதம், தலைமையாசிரியரின் அனுமதி, போகவர ரயில் டிக்கெட், போன நாளுக்கு ஈடாக ஒரு விடுப்பு. முதல் மூன்றும் எப்படியாவது கிடைத்துவிடும். நான்காவதுக்கு ஒரு அரசாணை வேண்டும்.