மணலில் எழுத்துப் பயிற்சி

மணலில் எழுத்துப் பயிற்சி என்பது, தரையில் பரப்பிய மணலின் மீது விரலால் எழுத்துகளை வரைந்து பழகும் தொடக்கநிலை வகுப்பறைச் செயல்பாடு ஆகும். தமிழகத் திண்ணைப் பள்ளிகளில் வழங்கிய இம்முறை, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையிலிருந்து இங்கிலாந்துக்குச் சென்றது.

திண்ணைப் பள்ளியில்

ஆசிரியர் மணலில் ஓர் எழுத்தை எழுதிக் காட்டுவார். மாணவர் அதன் ஒலியை உரக்கச் சொல்லிக்கொண்டே அவ்வெழுத்தின் மேல் விரலை ஓட்டுவார். கண், காது, வாய், கை ஆகிய நான்கும் ஒரே நேரத்தில் இயங்குவதால் எழுத்து மனத்தில் பதிந்தது. கை பழகிய பின்னரே ஓலையும் எழுத்தாணியும் தரப்பட்டன. ஓலையில் கீறிய எழுத்தை எளிதில் அழிக்க இயலாது. மணலில் எழுதிய பிழையோ ஒரு கைவீச்சில் மறைந்துவிடும். எனவே, குழந்தை தயங்காமல் மீண்டும் மீண்டும் எழுத முடிந்தது. மூத்த மாணவரான சட்டாம்பிள்ளை இளையோருக்குக் கற்பிப்பதில் உதவினார்.

சென்னை முறை

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த பாதிரியார் ஆண்ட்ரூ பெல், 1789-இல் சென்னை எழும்பூரில் இருந்த படைவீரர் ஆண் குழந்தைகள் அனாதை இல்லத்தின் கண்காணிப்பாளரானார். உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் குழந்தைகள் மணலில் எழுதுவதைக் கண்ட அவர், தம் இல்லத்திலும் அவ்வாறே கற்பிக்கச் சொன்னார். அங்கிருந்த உதவி ஆசிரியர் அதற்கு இணங்கவில்லை. எனவே, ஏறத்தாழ எட்டு வயதுடைய ஜான் ஃபிரிஸ்கென் என்ற மாணவரிடம் அப்பொறுப்பை ஒப்படைத்தார். முயற்சி வெற்றி பெற்றது. 1797-இல் இலண்டனில் இதைப் பற்றி பெல் ஒரு நூல் வெளியிட்டார். மாணவரைக் கொண்டு மாணவருக்குக் கற்பிக்கும் இம்முறை 'சென்னை முறை' என்று பெயர் பெற்றது. ஜோசப் லங்காஸ்டர் இலண்டனில் நடத்திய பள்ளியிலும் இளஞ்சிறார்கள் மணல் பரப்பிய மேசைகளில் எழுதினர். தாளும் மையும் விலை மிகுந்திருந்த காலத்தில் ஏழைக் குழந்தைகளுக்கு இது பெரிதும் பயன்பட்டது.

சென்னையின் பெயர் கடல் கடந்து பரவினாலும், பெல் பார்த்த அந்தப் பள்ளி ஆசிரியரின் பெயர் இம்முறையோடு சேர்ந்து வழங்கவில்லை.

குறைபாடு

பெருந்திரளான மாணவர்களைக் கொண்ட அப்பள்ளிகளில் பார்த்து எழுதுவதும் சொல்வதைக் கேட்டு எழுதுவதுமே முதன்மை பெற்றன. குழந்தை தன் எண்ணத்தைச் சொந்தத் தொடரில் எழுத வாய்ப்புக் குறைவு. எழுத்து வடிவம் கைவருவது எழுத்துத் திறனின் முதற்படியே ஆகும்.

இன்றைய தொடர்ச்சி

2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் முறையில், சுவரின் கீழ்ப்பகுதியில் குழந்தைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை அமைக்கப்பட்டது. எழுதி, அழித்து, திருத்தி எழுதும் உரிமை மாணவருக்கு மீண்டும் கிடைத்தது. உயர் தொடக்க வகுப்புகளுக்கான படைப்பாற்றல் கல்வியில், படித்த பாடத்தை மனவரைபடமாக வரைந்து, பின் சொந்த நடையில் தொகுத்து எழுதும் பயிற்சி இடம்பெற்றது. பிழைக்கு அஞ்சாமல் எழுதிப் பழகுவது, பிறகு சொந்தமாக எழுதுவது என்னும் இரு படிகளும் சேரும்போதுதான் எழுத்துப் பயிற்சி நிறைவு பெறுகிறது.

விசயதசமி நாளில் குழந்தையின் விரலைப் பிடித்து அரிசியிலோ நெல்லிலோ முதல் எழுத்தை எழுதவைக்கும் வழக்கம் இன்றும் தொடர்கிறது.