நாய்க்குத் திரும்பிய ஊசி

வெறிநாய்க்கடி என்றதும் தென்னாட்டார்க்குக் குன்னூர் நினைவுக்கு வரும். வடபுலத்தில் குடியேறிய நம்மவர்க்குக் கசௌலி. வயிற்றில் பதினான்கு ஊசி என்னும் அச்சத்தோடு வளர்ந்தோர் நம்முள் பலர். ஆட்டு மூளையினின்று செய்த அம்மருந்து 2004-ஆம் ஆண்டோடு நம் நாட்டில் விடைபெற்றது. ஆயினும் இத்தடுப்பு முறை முதன்முதல் காத்தது மனிதரையன்று, நாய்களையே என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

பாரிசில் லூயி பாஸ்டர், வெறிநோயால் இறந்த முயலின் தண்டுவடத்தை உலர்ந்த காற்றில் தொங்கவிட்டு நச்சின் வீரியத்தைத் தணித்தார். நெடுநாள் உலர்ந்ததை முதலிலும் புதியதைக் கடைசியிலுமாக நாய்களுக்குச் செலுத்தினார். ஐம்பது நாய்கள் நோய் தாக்கா நிலை எய்தின. அத்துணிவிலேதான், 1885 ஜூலை 6 அன்று ஜோசப் மைஸ்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனுக்கு ஊசி போட இசைந்தார்.

நாயின் உடலில் நிகழ்வது யாது? கடிவாயில் புகும் நச்சுயிர் நரம்பின் வழியே மூளையை நோக்கி மறைந்து செல்கிறது. உடலின் காவல் விழிக்குமுன் காரியம் முடிந்துவிடுகிறது. தடுப்பூசியோ உயிரற்ற நச்சுயிரை முன்னரே காட்டிக் காவலை எழுப்பிவிடுகிறது. வெள்ளணுக்கள் அதனை இனங்கண்டு எதிர்ப்பொருளைச் சுரக்கின்றன. சில வாரங்களில் அது உச்சமடைகிறது. குருதிநீரில் ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 அனைத்துலக அலகு இருந்தால் ஊசி பலித்தது என்பர். பின்னர் அளவு குறையினும் நினைவணுக்கள் எஞ்சும். மறு ஊசிக்கு அவை விரைந்து எழும். தாய்ப்பால் வழி வந்த எதிர்ப்பொருள் சில வேளை குட்டிக்குப் போடும் மருந்தையே மழுங்கச் செய்யும். குட்டிக்கு ஒரே ஊசியோடு நிறுத்திவிடுவோர் இதனைக் கருத வேண்டும்.

1911-இல் கசௌலியில் டேவிட் செம்பிள், கார்பாலிக் அமிலத்தால் நச்சுயிரை மாய்த்து மனிதர்க்கு மருந்து கண்டார். அதனையொத்த முறையில், ஒரே ஊசியாக நாய்களுக்கு மருந்தமைத்தோர் ஜப்பானியரான உமேனோவும் டோயும், ஆண்டு 1921. பாஸ்டரின் ஐம்பது நாய்களுக்குப் பின் முப்பத்தாறு ஆண்டுகள்! 1950-இல் ஜப்பான் நாய்த் தடுப்பூசியைச் சட்டமாக்கியது. 1957-க்குப் பின் அந்நாட்டு விலங்குகளிடையே அந்நோய் பரவவில்லை.

ஓரூரில் நூற்றுக்கு எழுபது நாய்கள் ஊசி பெற்றால் நோய்த்தொடர் அறும் என்பது அறிஞர் கணக்கு. நம் நாட்டிலும் 2001-ஆம் ஆண்டு விதிகள் தெருநாய்களின் கருத்தடையோடு இவ்வூசியையும் சேர்த்தன. 2023-இல் அவை புதுக்கப்பட்டன. எழுபதை எட்டாத ஊர்கள் இன்னும் பல.